கறுப்புப் புள்ளி இல்லாத புத்தகம்

பிள்ளைகளுக்கு என்ன நாவல் கொடுக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டியது நாவல் இல்லை, மாத்திரை. "மேடம், எம் பொண்ணு எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா. கோவம் குறையுற மாதிரி ஒரு கதை இருக்கா?" என்பார் ஒரு அம்மா. "பையனுக்குப் பொறுப்பு வரணும், ஆனா புக்கு ரொம்பத் தடியா இருக்கக் கூடாது" என்பார் ஒரு அப்பா. போனில் வரும் செய்தியைத் தவிர வேறு எதையும் அவர் கடைசிவரை படித்ததில்லை என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். பத்தாவது ஆள் மட்டும்தான் "நல்ல கதையா ஒண்ணு குடுங்க" என்பார். அவருக்கும் அது பெரும்பாலும் தூங்கப் போகாத பிள்ளையைத் தூங்கவைக்கத்தான் தேவைப்படும்.

நகர நூலகத்தின் மூன்றாவது மாடியில், பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள வாசகர்களின் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். வருடா வருடம் நீண்ட விடுமுறைக்கு முன்னால் ஒரு பட்டியல் வெளியிடுவோம். சின்னவர்களுக்கு முப்பது நாவல், வளர்ந்தவர்களுக்கு முப்பது நாவல். ஒவ்வொன்றுக்கும் நாற்பது சொல்லில் ஒரு குறிப்பு. குறிப்பு எழுதுவது நான். பள்ளிக்கூடங்கள் அதைப் பிரதியெடுத்துக் கொடுக்கும். பெற்றோர்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டுவார்கள். யார் படித்தார்களோ இல்லையோ, பட்டியல் மட்டும் ஊர் முழுக்கத் தொங்கும்.

புத்தகங்களும் லேசுப்பட்டவை அல்ல. வளர்ந்த பிள்ளைகளுக்கான நாவல் என்றால், முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கைக் குறை சொல்வாள். இருபதாம் பக்கத்தில் வகுப்புக்கு ஒரு புதுப் பையன் வருவான், யாரிடமும் பேசமாட்டான். முப்பதாம் பக்கத்தில் அவன் கையில் ஒரு தழும்பு தெரியும். அதற்குமேல் படிப்பவள் ஒன்று பதினைந்து வயதுக்காரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலை இல்லாதவளாக இருக்க வேண்டும். சின்னவர்களுக்கான நாவலில் அம்மா அப்பாவை முதலிலேயே எங்காவது அனுப்பிவைத்துவிடுவார்கள், வெளிநாட்டுக்கு அல்லது மேலோகத்துக்கு. பிறகு ஒரு நாய் வரும். நாய்க்கு ஏதாவது ஒரு குறை இருக்கும். பரிசுக் குழுவினர் கண் கலங்குவார்கள்.

இதற்கு நடுவில் புள்ளி வந்து சேர்ந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா மாடி அதிரச் சண்டை போட்டார். மகன் படித்த கதையில் குதிரை செத்துவிட்டதாம், பையன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். "குதிரைக்கே இப்படின்னா?" என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் இயக்குநர் அரண்டுபோய்க் கூட்டம் கூட்டினார். ஒன்றரை மணி நேரம் பேசியதில் முடிவானது இதுதான்: புத்தகத்தின் முதுகில் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது. நீலப் புள்ளி என்றால் பேய், பச்சை என்றால் பெற்றோர் பிரிவது, சிவப்பு என்றால் காதல், கறுப்பு என்றால் சாவு. மனிதனோ மிருகமோ, யார் செத்தாலும் கறுப்பு. வளர்ந்தவர்கள் அலமாரியைப் பார்த்தால் புத்தகங்களுக்கெல்லாம் அம்மை போட்டதுபோல் இருக்கும்.

ஒட்டுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. எல்லாவற்றையும் படித்தவள் என்று பெயரெடுத்தவள் அங்கே நான் ஒருத்திதானே.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு நானூறு புத்தகம் வந்து இறங்கும். நான் முதல் முப்பது பக்கம் படிப்பேன், கடைசி ஐந்து பக்கம் படிப்பேன், பின்னட்டையைப் பார்ப்பேன். முடிந்தது. இதை நான் ஏமாற்று என்று ஒருநாளும் நினைத்ததில்லை, அனுபவம் என்று நினைத்தேன். நடுவில் என்ன நடக்கும் என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாதா? ஒரு பழுப்பு அட்டை நோட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை படித்தேன் என்று எழுதி வைத்திருப்பேன். நேர்மையால் அல்ல. எதை எவ்வளவு படித்தேன் என்று தெரிந்தால்தானே யாரிடம் எவ்வளவு அளக்கலாம் என்று தெரியும். அந்த நோட்டை நான் யாருக்கும் காட்டியதில்லை. கைப்பையை விட்டு அது இறங்கியதும் இல்லை.

என் உதவியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் நட்சத்திரம். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் ஐந்து நட்சத்திரம் போடுவார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், பேருந்தில் சிறுவர் நாவலை விரித்து வைத்துக்கொண்டு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார். பதினோரு வயதுக்காரிக்கு எழுதிய கதை அவரை ஏன் இப்படிப் பாடாய்ப்படுத்துகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பட்டியல் அச்சுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் அவர் என் மேசையருகே வந்து நின்றார்.

"மேடம், 'கிழக்குக் கரைக்கு ஒன்பது நாள்' படிச்சிட்டீங்களா? நேத்து பஸ்ல நான் இறங்க வேண்டிய எடத்தையே விட்டுட்டேன். கண்ணெல்லாம் தண்ணி."

"தீயணைக்கிற சிலிண்டர் மேல ஒட்டியிருக்கிற நோட்டீஸ் படிச்சாக்கூட உங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும் சார்" என்றேன்.

மாடியே சிரித்தது. அவரும் சிரித்தார், பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் போனை எடுத்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தை நான் ஏற்கனவே முடித்திருந்தேன், என் கணக்குப்படி. முதல் முப்பது பக்கத்தில் ஓர் அப்பாவும் மகளும் ஓட்டைப் படகு ஒன்றைச் செப்பனிடுகிறார்கள். பொய் சொல்லும்போதெல்லாம் அந்த அப்பாவுக்குத் தும்மல் வரும். நானே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன், எனக்கு அது அவ்வளவு எளிதில் நடக்காது. கடைசி ஐந்து பக்கத்தில் மகள் கிழக்குக் கரையில் படகைக் கட்டுகிறாள், "முடிச்ச இன்னும் இறுக்கு" என்கிறார் அப்பா, அவள் சிரிக்கிறாள். கதை முடிந்தது. நாற்பது சொல்லில் எழுதினேன்: லேசான கதை, வயிறு குலுங்கச் சிரிக்கலாம், பத்து வயதுக்கு மேல் யாரும் படிக்கலாம். புள்ளி எதுவும் தேவையில்லை.

இந்த நிலையில்தான் தம்பிக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊரிலுள்ள எல்லாரையும் மேலே ஏற்றிவிடுகிறவன், ஆறு மாதமாக இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். "ஒரு பார்ட்டு மாத்துறாங்க, அவ்வளவுதான்க்கா. நான் தினம் செய்ற வேலை" என்றான். எனக்குப் பயமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஒரே மகள், பதினோரு வயது. எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்வாள் என்பதால் அவளுக்கு வீட்டில் பெயர் வக்கீல். அறுவைச் சிகிச்சையன்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. "விட்டுட்டுப் போங்க, நான் நடந்தே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள்.

தம்பி மனைவி நூலகத்துக்கே வந்தாள். எதற்கும் என்னிடம் வந்து நிற்கிறவள் இல்லை அவள். அன்றைக்கு மூன்று மாடி ஏறி வந்து, உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றாள்.

"அக்கா, அவளுக்கு ஒரு புக்கு குடுங்க. அன்னைக்கு ஆறேழு மணி நேரம் அங்க உக்காரணும். தடியா இருக்கட்டும், சிரிப்பா இருக்கட்டும். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அதுல யாரும் சாகக் கூடாது."

"அத எங்கிட்ட சொல்லணுமா? எல்லாத்துக்கும் புள்ளி ஒட்டுறதே நாந்தானே" என்று சொல்லி, அலமாரியிலிருந்து படகுக் கதையை உருவி, அதன் சுத்தமான முதுகை அவளுக்குக் காட்டினேன். ஒரு கறுப்பும் இல்லை. அவள் அந்த முதுகை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் நீல நாற்காலிகளை நாலு நாலாகச் சேர்த்துத் தரையில் திருகியிருந்தார்கள். வருத்தத்தில் யாராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று பயம் போல. சுவரில் ஒலியில்லாத தொலைக்காட்சி. அதன் பக்கத்தில் ஒரு பலகையில் நோயாளிகளின் எண்கள். தம்பியின் எண் இருபத்தேழு. காலை எட்டே காலுக்கு அதன் எதிரில் 'அறுவை நடக்கிறது' என்று எழுத்து வந்தது. மூலையில் வாசிக்க என்று ஓர் அலமாரி வைத்திருந்தார்கள். அட்டையில்லாத வார இதழ்கள், பல் துலக்குவது எப்படி என்று ஒரு சிறுநூல். இதைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். கால் மணி நேரத்தில் களுக்கென்று சிரித்தாள். தும்மல் இடம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தம்பி மனைவி என்னைப் பார்த்தாள், கண்ணாலேயே நன்றி சொன்னாள். பார்த்தாயா என்பதுபோல் நானும் தலையை ஆட்டினேன்.

பத்தரை மணி சுமாருக்கு ரத்த வங்கிக் கவுன்டரில் கையெழுத்துப் போட அவள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் போன கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் பக்கம் திரும்பும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். வக்கீல் புத்தகத்தை மூடியிருந்தாள். உள்ளே ஒரு விரல் அடையாளமாக இருந்தது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"ம்."

"இந்தப் புக்க நீங்க படிச்சீங்களா?"

இந்தக் கேள்விக்கு என்னைக் கேட்காமலே என் வாய் பதில் சொல்லிவிடும். "படிக்காமயா குடுப்பேன்?"

"முழுசா?"

"முழுசாத்தான்."

அவள் புத்தகத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். "நூத்தி நாப்பத்திமூணாம் பக்கத்துல அப்பா செத்துப்போறாரு."

நான் குனிந்து பார்த்தேன். விடிகிற நேரம். அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று படகின் விளிம்பில் சாய்ந்து உட்காருகிறார். மகள் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள். அவர் சிரிக்கவில்லை. அதற்குமேல் எனக்கு எழுத்து ஓடவில்லை. கடைசிப் பக்கத்தில் இந்த ஆள் பேசினாரே என்றுதான் முதலில் தோன்றியது. செத்தவர் எப்படிப் பேசுவார்? இருபத்திரண்டு வருடம் நாவல்களோடு குடும்பம் நடத்தியவள் கேட்கிற கேள்வி இது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பழக்கதோஷம், சப்பைக்கட்டுதான் வந்தது. "ஆமாடா கண்ணு. நல்ல கதைன்னா எல்லாமும் இருக்கும். சிரிப்பும் இருக்கும், கஷ்டமும் இருக்கும். கதையில முன்னாடியே பாத்துட்டோம்னா நம்ம மனசு அதுக்குத் தயாரா இருக்கும்" என்றேன். பள்ளி ஆண்டு விழாக்களில் நான் பேசுகிற பேச்சில் ஒரு துண்டு இது. வழக்கமாகக் கைதட்டு விழும்.

அவள் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது.

"எதுக்குத் தயாரா இருக்கணும்?"

நான் மடியிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

"நேத்து நீங்க டாக்டர்கிட்ட தனியா பேசுனீங்கல்ல. வராண்டாவுல. நான் பாத்தேன். டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

முந்தின நாள் அந்த டாக்டரிடம் நான் கேட்டது, எத்தனை பேருக்கு நுழைவுச் சீட்டு தருவீர்கள் என்று மட்டும்தான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வழக்கு முழுசாக ஜோடித்தாகிவிட்டது. டாக்டர் அத்தையிடம் ரகசியமாகச் சொன்னார். அத்தை அப்பா சாகிற கதையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் தெரிந்துதான் கொடுத்தாள், ஏனென்றால் அத்தை படிக்காமல் எதையும் கொடுக்கமாட்டாள். அவள் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"ஒண்ணும் சொல்லலடி. சீட்டு எத்தனன்னு கேட்டேன், ரெண்டுன்னாரு. அவ்வளவுதான்."

"அப்ப ஏன் இதக் குடுத்தீங்க?"

"நான் படிக்கல."

"பொய். இப்பதான் முழுசா படிச்சேன்னு சொன்னீங்க."

"அதுதான் பொய்."

"இல்ல, இதுதான் பொய். நான் பயப்படக் கூடாதுன்னு மாத்திச் சொல்றீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். விசாரணை தொடங்கிவிட்டது. "படிக்கலன்னா, பிஸ்கட்டுன்னு ஒருத்தர் வருவாங்கல்ல, அது யாரு?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. "நாயா?" என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது.

அவள் கண் இன்னும் பெரிதானது. "தெரியுது உங்களுக்கு."

"ஐயோ, ஊகம்டி! இந்த மாதிரிக் கதையில எப்பவும் ஒரு நாய் வரும்."

"அதுக்கு என்ன குறை?"

"சத்தியமா தெரியாது."

"ஊகம்னீங்கல்ல. ஊகமா சொல்லுங்க."

"காலு... ஒரு காலு நொண்டுமா?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த எழவு நாய் நொண்டியேதான். என் வாழ்நாளில் நான் இவ்வளவு சரியாகச் சொல்லி இவ்வளவு கேவலப்பட்டதில்லை. எந்தக் கூட்டத்திலாவது இப்படிச் சொல்லியிருந்தால் மூக்கில் விரல் வைத்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு சரியான விடைக்கும் என் தம்பி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தான், இந்தப் பிள்ளையின் மனதில்.

கைப்பையைத் திறந்து பழுப்பு நோட்டை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டி அவள் மடியில் வைத்தேன்.

"படி."

அவள் விரல் வைத்துச் சத்தமாகவே படித்தாள். "'கிழக்குக் கரைக்கு ஒன்பது நாள். படித்தது: ஒன்று முதல் முப்பது, இருநூத்தி முப்பத்தொண்ணு முதல் இருநூத்தி முப்பத்தஞ்சு. அப்பா, மகள், படகு, சிரிப்பு. புள்ளி வேண்டாம்.'" தேதியைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முந்திய தேதி. மையைத் தேய்த்துப் பார்த்தாள், இப்போது எழுதியதா என்று. பிறகு முன்பக்கங்களைப் புரட்டினாள். ஒன்று முதல் முப்பது, கடைசி ஐந்து. ஒன்று முதல் முப்பது, கடைசி ஐந்து. அவள் ஆசையாகப் படித்த புத்தகங்கள், போன பிறந்த நாளுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, எல்லாமே. 'முழுதும்' என்று எழுதியிருந்த இடங்களை விரல் விட்டு எண்ணினாள். இந்த வருடத்து அறுபதில் பதினொன்று.

எனக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். தம்பி மனைவி. கையில் ரத்த வங்கி ரசீது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. போதுமான நேரம் நின்றிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"நான் ஒண்ணே ஒண்ணுதானேக்கா கேட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம்.

வக்கீல் நோட்டை மூடினாள். "அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாது."

"டாக்டர் எதுவும் சொல்லல."

"சொல்லல."

"சும்மா கைக்கு வந்தத எடுத்துக் குடுத்தீங்க."

"சும்மா கைக்கு வந்ததத்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவள் தோள் இறங்கியது. காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டாள் போலிருந்தது. அப்படியே என் கைமேல் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். என் இத்தனை வருடப் பேருக்கும் புகழுக்கும் இதைவிட மோசமான சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அவள் அதை நம்பியபோது எனக்கு வந்த நிம்மதி, எந்த மேடையிலும் வந்ததில்லை.

அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "கடைசி அஞ்சு பக்கம் படிச்சீங்கல்ல. அந்தப் பொண்ணு போய்ச் சேந்துடுறாளா?"

"சேந்துடுறா. கரையில படகக் கட்டுறா. சிரிக்கிறாகூட."

"தனியாவா?"

"அப்பா பேசுறாரு. முடிச்ச இன்னும் இறுக்குன்னு சொல்றாரு. நான் அவரு பக்கத்துல உக்காந்திருக்காருன்னு நெனச்சுட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நூலகத்தில் நான் எத்தனையோ அப்பா அம்மாக்களைப் பார்த்த அதே பார்வை. "அவ மனசுக்குள்ள பேசுறாருத்தை. அதுகூடத் தெரியலயா?"

"தெரியல" என்றேன்.

அவள் அம்மா புத்தகத்தை வாங்கி பைக்குள் வைக்கப் போனாள். வக்கீல் விடவில்லை. பாதியில் நிறுத்தினால் அந்தப் பெண் நடுக்கடலில் பிணத்தோடு நிற்பாளாம். "முடிக்கணும். நீங்களும் கூடப் படிங்க. நான் சொன்னாத்தான் பக்கம் திருப்பணும்" என்றாள். ஒரு புத்தகத்தின்மேல் இரண்டு தலை குனிந்தோம். நூற்று நாற்பத்தி நாலு, ஐந்து, ஆறு. அந்த எழுத்தாளர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். நூற்றைம்பத்திரண்டில் அந்தப் பெண் அப்பாவின் செருப்பைக் கழுவிக் காய வைக்கிறாள். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கியது. நட்சத்திரம் இறங்க வேண்டிய இடத்தை விட்டது இங்கேதான் என்று தோன்றியது.

இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருந்தபோது பலகையில் இருபத்தேழுக்கு எதிரே எழுத்து மாறியது. பச்சை உடுப்பில் டாக்டர் வெளியே வந்து, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "நல்லபடியா முடிஞ்சது. ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டு பேர் பாக்கலாம்" என்றார். தம்பி மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். வக்கீல் டாக்டரைப் பார்த்து, "நேத்து இவங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள். அவர் குழம்பிப்போய், "சீட்டு ரெண்டுதான்னு சொன்னேன்மா" என்றார். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சாட்சி பொருந்திவிட்டது.

அந்த இரண்டு சீட்டில் எனக்கு ஒன்று என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். நான் நீல நாற்காலியில் உட்கார்ந்து இருநூற்றுப் பத்திலிருந்து இருநூற்று முப்பத்தைந்து வரை படித்தேன்.

அந்த வருடப் பட்டியலில் பதினொன்றுதான் என் பெயரில் வந்தது. "பதினொண்ணா?" என்று இயக்குநர் குதித்தார். மிச்சம் நாற்பத்தொன்பதை நட்சத்திரத்திடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் அவர் முன்பே முழுசாகப் படித்து முடித்திருந்தார், கேட்க ஆளில்லாமல். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அழுவார். புள்ளி ஸ்டிக்கர் பெட்டியை மட்டும் அவர் மேசைக்கு நகர்த்தி வைத்தேன். அவர் முதலில் கையிலெடுத்தது படகுக் கதையைத்தான்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் முதுகுக்குத் தலையணை வைத்து சோபாவில் சாய்ந்திருந்தான், நெஞ்சில் கையை வைத்தபடி. கதை முழுக்க அவனுக்கு வந்து சேர்ந்திருந்தது என்பது அவன் சிரிப்பை அடக்கிய விதத்தில் தெரிந்தது. நான் கொண்டுபோன நாவலை வக்கீலிடம் நீட்டினேன். அவள் அதன் முதுகைப் பார்த்தாள். கறுப்புப் புள்ளி இருந்தது. அவள் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"முழுசாவா?" என்றாள் வக்கீல்.

"முழுசா."

அவள் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எனக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டாள். "நூத்திப் பதினேழு. என்ன நடக்குது?"

"மழையில பள்ளிக்கூடச் சுவரு இடிஞ்சிருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மண்ணு சொமக்குறாங்க. பெரியவன் பேசமாட்டேங்குறான்."

"ஏன் பேசமாட்டேங்குறான்?"

"தொண்ணூத்தெட்டாம் பக்கத்துல அவங்க கழுத செத்துப்போச்சு. மண்ணு சொமந்தது அதுதான். அவனுக்கு இன்னும் ஆறல."

அவள் தொண்ணூற்றெட்டைத் திறந்து பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம். "நீங்க அழுதீங்களா?"

"அழுதேன்."

"கழுதைக்காகவாக்கா?" என்று தம்பி வெடித்துச் சிரித்தான். தையல் இழுத்து முகத்தைச் சுளித்தான். சுளித்துக்கொண்டே மறுபடியும் சிரித்தான்.

"சிரிக்காதடா" என்றேன். "நல்ல கழுதைடா அது."